ஏழு உருளைக்கிழங்கு

நாலைந்து மாதமாக ஏழு உருளைக்கிழங்கு என்னை விடமாட்டேன் என்கிறது. 1812 நவம்பரில், ரஷ்யாவில் ஒரு காட்டோரத்தில், பாதி வெந்தும் வேகாமலும் கைமாறிய ஏழு கிழங்கு. வாங்கியவர் நெப்போலியனின் மெய்க்காவல் படையில் சார்ஜண்ட், பெயர் அட்ரியன் பூர்கோஞ். அதை அவர் யாருக்கும் தெரியாமல் தின்றார். அவ்வளவுதான் விஷயம். ஆறு லட்சம் பேர் போய், அதில் பெரும்பகுதி திரும்பி வராத ஒரு படையெடுப்பில் இது ஒரு விஷயமா என்று கேட்டால், இல்லைதான். ஆனால் அந்த மனிதர் இருபது வருடத்துக்கு மேல் கழித்து உட்கார்ந்து எழுதும்போது பனியைப் பற்றியும் பிணங்களைப் பற்றியும் எழுதிவிட்டு, இந்தக் கிழங்குகளுக்கு வந்ததும் ஒரு கணம் நின்றுவிடுகிறார். நானும் அங்கேயே நின்றுவிட்டேன்.

முதலில், இதற்குள் எப்படிப் போனேன் என்று சொல்லிவிடுகிறேன். தூக்கம் வராத ராத்திரிகளில் போனில் பழைய ஸ்கேன் புத்தகங்களைப் புரட்டுவது வழக்கம். நெப்போலியன் என்று தமிழில் தேடினால் நடிகர் வருவார், அப்புறம் பிராந்தி வரும், மூன்றாவதாகத்தான் அந்தக் குள்ளத் தொப்பி வரும். (குள்ளம் தொப்பிதான், அவர் அந்தக் காலத்து நடுத்தர உயரம்தான்.) எனக்கு சக்கரவர்த்தியிடம் பெரிய ஆர்வம் கிடையாது. அவருக்குக் கீழே நடந்தவன் என்ன சொன்னான் என்பதில்தான் ஆர்வம். பாண்டிச்சேரிப் பக்கத்தில் பிரெஞ்சு ராணுவத்தில் இருந்துவிட்டு வந்து பென்ஷன் வாங்குகிறவர்களை இன்றைக்கும் சொல்தா என்றுதான் சொல்வார்கள். அந்த சொல்லையே இங்கே வைத்துக்கொள்கிறேன். சிப்பாய் என்றால் நமக்கு வேறு படம் வந்துவிடுகிறது.

சொல்தாக்கள் எழுதியது குறைவு, ஏனென்றால் பெரும்பாலானவர்களுக்கு எழுத்து தெரியாது. அந்தக் காலத்து நினைவுக்குறிப்புகளில் ஜெனரல்கள் எழுதியதும், ஜெனரல்களுக்குக் குதிரை பிடித்த இளம் அதிகாரிகள் எழுதியதும்தான் அதிகம். அவர்களுக்குக் கணக்குத் தீர்க்க வேண்டியிருந்தது. தோற்றது யாரால், அன்றைக்குத் தாமதமாக வந்தது யார் என்று பக்கம் பக்கமாக வழக்காடுவார்கள். அடிமட்டத்திலிருந்து எழுதியவர்கள் கொஞ்சம் பேர்தான். அதில் இரண்டு பேரை நான் அடுத்தடுத்துப் படித்தேன். முதலில் படித்தவரை எனக்குப் பிடிக்கவில்லை.

காலுறைக்குள் சீட்டுக்கட்டு

அவர் பெயர் ழான்-ரோஷ் குவாஞே. பர்கண்டிப் பக்கம் த்ருயி என்ற ஊரில் 1776ல் பிறந்தவர். 1799ல் கட்டாய ராணுவ சேவையில் பிடித்துக்கொண்டு போனார்கள். முந்தைய வருடம்தான் அந்தச் சட்டம் வந்திருந்தது: இருபதிலிருந்து இருபத்தைந்து வயதுக்குள் இருக்கும் கல்யாணமாகாத ஆண்கள் எல்லோரும் பட்டியலில். கொஞ்ச நாளில் அதற்கும் ஒரு வழி வந்துவிட்டது, காசு இருக்கிறவன் தனக்குப் பதிலாக ஏழை வீட்டுப் பையனை விலைக்கு வாங்கி அனுப்பலாம். குவாஞேயிடம் காசு கிடையாது, போனார். கடைசியில் கேப்டன் ஆனார். ஓய்வுபெற்று ஓஸேர் என்ற ஊரில் உட்கார்ந்தார், மனைவி 1848ல் இறந்த பிறகு வீட்டில் பேச ஆள் இல்லாமல், எழுபது வயதுக்கு மேல் எழுத ஆரம்பித்தார். ஒன்பது நோட்டு.

அவர் எழுதக் கற்றுக்கொண்டதே ஒரு கதை. 1807ல் கார்ப்பொரலாக்கினார்கள். கார்ப்பொரல் என்றால் ஆள் கணக்கு எழுத வேண்டும், சீட்டு படிக்க வேண்டும். இவருக்கு அ, ஆ தெரியாது. மெய்க்காவல் படையோடு வெலீத் என்று ஒரு பிரிவு உண்டு, வீட்டில் வசதி உள்ள, படித்த பையன்கள் அதில் சேருவார்கள். அந்தப் பையன்களில் இரண்டு பேரைப் பிடித்து, அவர்களுக்குக் கொஞ்சம் வேலையைக் குறைத்துக் கொடுத்து, முப்பது வயதைத் தாண்டி எழுத்துக் கூட்டிப் படித்தார். அதனால் கையெழுத்துப் பிரதி முழுக்கக் காதில் கேட்டபடி எழுதிய பிரெஞ்சு. ஓஸேரில் 1851ல் அச்சுக்குப் போனபோது அதைச் சீவிச் சிங்காரித்து விட்டார்கள். பிறகு லோரெதான் லார்ஷே என்ற பதிப்பாளர் அசல் நோட்டுகளைத் தேடிப் பிடித்து 1883ல் மறுபடி வெளியிட்டார். அதற்குள் குவாஞே போய்ச் சேர்ந்து பதினெட்டு வருடம் ஆகியிருந்தது.

இவ்வளவும் சொன்ன பிறகு, எனக்கு ஏன் பிடிக்கவில்லை? மனிதர் பெருமை அடித்துக்கொள்கிறார். பக்கத்துக்குப் பக்கம். இத்தாலியில் மொண்டெபெல்லோவில் முதல் சண்டை, 1800 ஜூன் 9. குண்டுச் சிதறல் தலைக்கு மேல் பறக்க, பயந்து குனிகிறார். பின்னாலிருந்து சார்ஜண்ட்-மேஜர் முதுகு மூட்டையில் கத்தியால் ஒரு தட்டு தட்டி, தலை குனியக்கூடாது என்கிறார். குனிய மாட்டேன் என்று பதில் சொல்லிவிட்டுப் பாய்ந்து போய்த் தனியாளாக ஒரு பீரங்கியைப் பிடிக்கிறார். 1804 ஜூலை 15ல் பாரீஸ் அன்வலீத் மாளிகையில் நெப்போலியன் முதன்முதலாக லெஜியன் தொனர் பதக்கம் குத்தியபோது, சொல்தாக்களில் தானே முதல் ஆள் என்கிறார். எங்கே பார்த்தாலும் சக்கரவர்த்தி இவரைத்தான் பார்க்கிறார், இவர் காதைத்தான் பிடித்துக் கிள்ளுகிறார். நம் ஊரில் கல்யாண வீட்டில் ஓரமாக நாற்காலி போட்டு உட்கார்ந்து, எம்.ஜி.ஆர். என் தோளில் கை போட்டார் என்று ஆரம்பிக்கும் பெரியவர்கள் உண்டே, அப்படி.

ஆனால் அவருடைய தனிப்பட்ட பெருமை நிற்கும் இடங்களில் எழுத்து தரையில் கால் ஊன்றிவிடும். மரெங்கோ சண்டையை எல்லாப் புத்தகங்களும் சொல்லியிருக்கின்றன: காலையில் தோற்றது, சாயங்காலம் ஜெனரல் தெசே வந்து சேர்ந்து ஜெயித்தது. குவாஞே சொல்வது துப்பாக்கிக் குழாய். கறுப்பு மருந்தை வைத்துச் சுடச்சுட உள்ளே கரி பிடித்து அடுத்த தோட்டா இறங்காது. கழுவத் தண்ணீர் கிடையாது. என்ன செய்தார்கள்? குழாய்க்குள் சிறுநீர் கழித்தார்கள், குலுக்கிக் கொட்டினார்கள், தளர்வான மருந்தைப் போட்டுப் பற்றவைத்துக் காயவைத்தார்கள், மறுபடி சுட்டார்கள். தோட்டாவின் காகிதத்தைப் பல்லால் கடித்துத்தான் கிழிக்க வேண்டும், மருந்தில் இருக்கும் வெடியுப்பு நாக்கில் ஒட்டித் தாகம் தொண்டையை அறுக்கும். தண்ணீரே இல்லாத ஒரு வயலில் நாள் முழுக்கக் காகிதம் கடித்துக்கொண்டு நிற்கிற ஆளிடம் சிறுநீருக்கும் எங்கே போவது என்று எனக்கு ஒரு சந்தேகம் வந்தது, அதை அவர் தீர்த்து வைக்கவில்லை. அதே சண்டையில் குதிரைப்படை வந்து மோத, ஒரு வெட்டு இவருடைய பின்னலில் விழுகிறது. அப்போது சொல்தாக்கள் முடி வளர்த்துப் பின்னிக்கொள்வார்கள், அந்தப் பின்னல்தான் கழுத்தைக் காப்பாற்றியது. பள்ளத்தில் கிடந்தவர் எழுந்து, ஓடுகிற சொந்தப் படைக் குதிரை ஒன்றின் வாலைப் பிடித்துத் தொங்கிக்கொண்டே தப்பிக்கிறார்.

ஆல்ப்ஸைக் கடந்த கதையும் அப்படித்தான். வெள்ளைக் குதிரை இரண்டு காலில் நிற்க, சிவப்புச் சால்வை பறக்க, நெப்போலியன் கையை உயர்த்தும் தாவித் வரைந்த ஓவியம் எல்லோருக்கும் தெரியும். அவர் போனது கோவேறு கழுதையில் என்பதும் இப்போது எல்லோருக்கும் தெரியும். குவாஞே நமக்குக் காட்டுவது பெரிய மரத்தை நடுவில் குடைந்து, தொட்டில் மாதிரி ஆக்கி, அதில் பீரங்கிக் குழாயைப் படுக்கவைத்து, கயிறு கட்டி இழுத்துப்போன ஆட்களை. ஒரு பீரங்கிக்கு நாற்பது பேர். பாதிப் பேர் இழுக்க, மீதிப் பேர் துப்பாக்கிகளையும் சக்கரங்களையும் சுமக்க. செருப்பு பிய்ந்து, கால்சட்டை கிழிந்து உச்சிக்குப் போனால் மடத்துத் துறவிகள் ரொட்டியும் சீஸும் ஒயினும் கொடுத்தார்கள். அந்த ரொட்டியை அவர் எழுதும் விதத்தில் பீரங்கி பிடித்த கதையில் இல்லாத ஒரு சந்தோஷம் இருக்கிறது.

மெய்க்காவல் படையில் சேருவதற்கு உயரம் போதவில்லை என்று காலுறைக்குள் இரண்டு சீட்டுக்கட்டை வைத்து நின்றதையும் சிரித்துக்கொண்டே எழுதுகிறார். கிரெனேடியர்களிலேயே, அதாவது அந்தப் படையின் உயரமான காலாட்களிலேயே, குட்டையானவன் நான் என்று அதிலும் ஒரு பெருமை. மொத்தத்தில், எனக்கு அந்த ஆள் மேல் ஒரு அவநம்பிக்கை விழுந்துவிட்டது. இத்தனை வருடப் போரில் வெட்கப்படும்படி ஒன்றுகூட நடக்காத மனிதன் இருப்பானா? அதே எரிச்சலோடுதான் பூர்கோஞைத் திறந்தேன்.

இளவரசனின் எச்சில் படிக்கம்

பூர்கோஞ் 1785ல் பிறந்தவர், பெல்ஜிய எல்லையை ஒட்டிய கோந்தே என்ற ஊர், அப்பா துணி வியாபாரி. படித்த பையன். பிடித்த மாஸ்கோவை விட்டு 1812 அக்டோபர் 19ல் படை திரும்பக் கிளம்பியபோது அவருடைய முதுகு மூட்டையில் என்னென்ன இருந்தது என்று ஒரு பட்டியல் தருகிறார். முதல்நாள் நடந்ததிலேயே மூட்டை கனத்ததால், சாயங்காலம் தங்கின இடத்தில் அவிழ்த்துப் பார்க்கிறார். சர்க்கரை, அரிசி, கொஞ்சம் பிஸ்கோத்து, அரைப் பாட்டில் மது. சீனப் பட்டில் தங்கமும் வெள்ளியும் இழைத்த ஒரு பெண்ணின் உடை. பொன் வெள்ளி சாமான்கள். கிரெம்ளினில் இவான் மணிக்கூண்டின் உச்சியில் இருந்த பெரிய சிலுவையை நெப்போலியன் பாரீசுக்குக் கொண்டுபோக இறக்கச் சொன்னார் அல்லவா, அதன் மேல் பூசியிருந்த முலாம் தகட்டில் ஒரு துண்டு. வெள்ளியில் புடைப்புச் சித்திரங்கள் இரண்டு. அப்புறம், ஏதோ ஒரு ரஷ்ய இளவரசனின் எச்சில் படிக்கம், வைரம் பதித்தது.

இதில் எதைத் தூக்கிப் போட்டார் என்று நினைக்கிறீர்கள்? அணிவகுப்புக்குப் போடும் வெள்ளைக் கால்சட்டையை. இனி அது ரொம்ப நாளைக்குத் தேவைப்படாது என்று எனக்குத் தோன்றிவிட்டது என்கிறார். படிக்கத்தை வைத்துக்கொண்டார்.

நான் அதைப் படித்துச் சிரித்தேன். அந்த மூட்டையில் அரிசி எத்தனை நாளைக்கு வரும் என்று அவர் கணக்குப் போடவே இல்லை. அவர் மட்டும் இல்லை, படையே கணக்குப் போடவில்லை. வண்டி வண்டியாகக் கண்ணாடி, நாற்காலி, ஓவியம், சாரட்டு. அக்டோபர் வெயில் நன்றாக இருந்தது. வந்த வழியிலேயே திரும்ப வேண்டி வந்தபோதுதான் தெரிந்தது, அந்தச் சாலையின் இரண்டு பக்கமும் போகிறபோதே தின்று தீர்த்துவிட்டோம் என்று. நவம்பர் முதல் வாரத்தில், வியாஸ்மாவுக்கும் ஸ்மோலென்ஸ்குக்கும் நடுவில், பனி இறங்கியது.

காட்டோரத்துப் பானை

இனி அந்த இடம். படை நடந்துகொண்டிருக்கிறது. பூர்கோஞ் பசியின் உச்சத்தில் தனியாக முன்னால் போகிறார். உலகத்தில் யாராவது ஒருவன் கையில் ரொட்டியோடு எதிரே வந்தால் பாதியைப் பிடுங்கிக்கொள்வேன், இல்லை, முழுசையும் எடுக்க அவனைக் கொன்றே போடுவேன் என்று அப்போது நினைத்ததாக எழுதுகிறார். ஒளிக்காமல் எழுதுகிறார். அந்த நினைப்போடு போகிற ஆளுக்குக் காட்டோரத்தில் சில குதிரைகள், ஆட்கள், நெருப்பு, நெருப்பின் மேல் ஒரு பானை தெரிகிறது. பானையில் உருளைக்கிழங்கு. ஒரு ஜெனரலுக்காக அவருடைய ஆட்கள் மறைவாகச் சமைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

கொல்லவில்லை. பேரம் பேசினார். கொஞ்சம் கெஞ்சல், கொஞ்சம் மிரட்டல், கடைசியில் காசு. ஏழு கிழங்கு கிடைத்தது, சரியாக வேகக்கூட இல்லை. தின்றது போக மிச்சத்தைப் பையில் போட்டுக்கொண்டு தன் படைப்பிரிவைத் தேடிப் போய்ச் சேர்ந்தார். யாரிடமும் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

அன்றைக்கு ராத்திரி நடந்ததுதான் வினை. தோழர்கள் ஒரு குதிரையின் ரத்தத்தைப் பானையில் பிடித்து நெருப்பில் வைத்திருந்தார்கள். நம்மில் ரத்தப் பொரியல் தின்று வளர்ந்தவர்களுக்கு அது பெரிய அதிர்ச்சி இல்லை, ஆனால் இது வெங்காயமும் தேங்காயும் போட்ட சமாசாரம் இல்லை, உப்புக்கூடக் கிடையாது. அது உறைந்து கெட்டியாகும்வரைக்கும் பொறுக்க முடியாமல் கையாலேயே அள்ளித் தின்றார்கள். இவருக்கும் பங்கு கொடுத்தார்கள். கேட்காமலேயே. பையில் கிழங்கோடு உட்கார்ந்து அவர்கள் கொடுத்ததை வாங்கித் தின்றார்.

அப்புறம், எல்லோரும் படுத்த பிறகோ, நடக்க ஆரம்பித்த பிறகோ, பைக்குள் கையை விட்டு ஒரு கிழங்கை எடுத்துக் கடிக்கிறார். கல்லாக உறைந்திருக்கிறது. பல் வழுக்குகிறது. இறங்கவே மாட்டேன் என்கிறது. நேற்றே கொடுத்திருந்தால் எல்லோரும் தின்றிருக்கலாம், இப்போது யாருக்கும் உதவாது. அந்த சுயநலத்தை என்னால் இன்றுவரை மன்னிக்க முடியவில்லை என்று எழுதிவிட்டு அடுத்த விஷயத்துக்குப் போய்விடுகிறார்.

இதை அம்மாவிடம் சொன்னேன். சாப்பாட்டு நேரத்தில் இந்த மாதிரிக் கதை சொல்வது எனக்கு ஒரு கெட்ட பழக்கம். அம்மா குதிரை ரத்தத்துக்கு முகம் சுளித்துவிட்டு, அந்தப் பையனுக்கு என்ன வயசு என்று கேட்டார். இருபத்தேழு நடக்கிறது என்றேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "ஒளிச்சுத் தின்னது மட்டும் மறக்காதுடா" என்று சொல்லிவிட்டுக் குக்கரை இறக்கப் போய்விட்டார். எங்கள் அம்மா ஏழு பிள்ளைகள் இருந்த வீட்டில் பிறந்தவர். மேற்கொண்டு நான் கேட்கவில்லை.

என்னோடு புத்தகம் பேசும் நண்பர் ஒருவர் இருக்கிறார், அவருக்குச் சரித்திரம் என்றால் ஆவணம். 1812ல் நடந்ததை 1835 வாக்கில் எழுதினால் அதை எப்படி நம்புவது என்றார். நியாயமான கேள்வி. பூர்கோஞ் முழுக்க ஞாபகத்திலிருந்து எழுதவில்லை. 1813 அக்டோபரில் ஜெர்மனியில் தெஸ்ஸாவ் பக்கம் காயம்பட்டுப் பிடிபட்டுச் சிறையில் இருந்தபோதே குறிப்புகள் எழுதிவைத்திருந்தார். பிறகு வீட்டுக்குப் போய்த் துணிக்கடை வைத்து, 1830க்குப் பிறகு மறுபடி ராணுவத்தில் சேர்ந்து, வலான்சியென் நகரில் உத்தியோகம் பார்க்கும்போதுதான் முழுசாக எழுதினார். இருந்தாலும் தேதி இடறியிருக்கும், பேச்சுகள் மெருகு ஏறியிருக்கும். சரி. ஆனால் கிழங்கை எதற்குக் கற்பனை செய்ய வேண்டும், அதில் அவருக்கு என்ன லாபம் என்று கேட்டேன். நண்பர் சிரித்தார். "சின்னத் தப்பை ஒத்துக்கிட்டா பெரிய பொய்யை நம்புவாங்க சார்" என்றார்.

அது என்னை உறுத்தியது. உண்மையாகவே அப்படி இருக்குமோ என்று மறுபடி முதலிலிருந்து படித்தேன், ஒப்புக்கொள்ளாத பெரிய தப்பு எது என்று தேடிக்கொண்டு. தேடவே வேண்டியிருக்கவில்லை. முன்னாலேயே பட்டியல் போட்டுக் கொடுத்திருக்கிறார்: படிக்கம், பட்டுடை, வெள்ளிச் சித்திரங்கள், சிலுவைத் தகடு. எரிந்துகொண்டிருந்த ஒரு ஊரில், யார் யார் வீட்டிலோ புகுந்து எடுத்தவை. சந்தைக்குப் போய் வந்தவன் பையைக் கவிழ்த்துக் காட்டுகிற மாதிரி காட்டுகிறார், ஒரு சொல் கூசவில்லை. கோயில் சொத்தில் கை வைத்தது இருபது வருடத்தில் ஒருநாள்கூட அவரை எழுப்பவில்லை. காசு கொடுத்து வாங்கிய ஏழு உருளைக்கிழங்கு எழுப்பியிருக்கிறது.

இங்கேதான் நான் ரொம்ப நாள் மாட்டிக்கொண்டேன். முதலில் கோபம் வந்தது, என்ன மனசாட்சி இது, தோழனுக்கு மட்டும் வேலை செய்கிறது, மாஸ்கோக்காரனுக்கு இல்லையா என்று. அந்தப் படை போய்வந்த வழியில் இருந்த கிராமத்தான் என்ன தின்றான்? பூர்கோஞ் புத்தகத்தில் கிராமத்தான் வருகிறான், குடிசை கொடுப்பவனாக, வழி காட்டுபவனாக, சில சமயம் கோடரியோடு. அவனுடைய பானை காலியாக இருப்பதைப் பற்றி ஒரு வரி இல்லை. ஆனால் யோசிக்க யோசிக்க, அந்தச் சொல்தாவின் கணக்கு வேறு என்று படிந்தது. ஊரைச் சூறையாடுவது அவருக்கு அவர் செய்த காரியமே இல்லை, எல்லோரும் செய்தது, மேலே இருப்பவர்கள் கண்டும் காணாமல் விட்டது, மழை மாதிரி ஒன்று. கிழங்கை ஒளித்தது மட்டும்தான் அவர் கை, அவர் பை, அவர் வாய். பக்கத்தில் படுத்திருந்தவனுக்குப் பெயர் உண்டு, அவன் அன்றைக்குத் தன் பங்கிலிருந்து கொடுத்தான். அவ்வளவு பெரிய போரில் அவரே முடிவெடுத்துத் தனியாகச் செய்த காரியங்களை எண்ணினால் விரல்விட்டு எண்ணலாம், அதில் இது ஒன்று. சரி என்று நான் சொல்லவில்லை. படிக்கத்துக்குச் சொந்தக்காரன் ஒருவன் இருந்தான், சிலுவையைப் பார்த்துக் கும்பிட்ட ஊர் ஒன்று இருந்தது. இப்படித்தான் இருந்திருக்கும் என்கிறேன். நண்பரிடம் இதைச் சொன்னபோது அவர் ஒத்துக்கொள்ளவில்லை, நானும் விட்டுவிட்டேன்.

இதோடு ஒரு ஜெர்மானியரையும் சேர்த்துப் படிப்பது நல்லது. யாகோப் வால்டர், வூர்ட்டம்பெர்க் நாட்டுக் கல்தச்சர், நெப்போலியனுக்கு அவருடைய ராஜா கொடுத்த ஆட்களில் ஒருவராகப் போனவர். 1812ல் எல்லையைத் தாண்டிய படையில் பாதிப் பேராவது இவரைப் போல பிரெஞ்சு அல்லாதவர்கள். இவருக்குப் பதக்கமும் கிடையாது, சக்கரவர்த்தி காதும் கிள்ளவில்லை, கடைசிவரை சாதாரண சொல்தா. பெரெசினா ஆற்றை நெருங்கும் இடத்தில் நெப்போலியன் நின்று, தன் படை கந்தலும் கண்ணீருமாகப் போவதைப் பார்ப்பதை இவர் பார்க்கிறார். மனதுக்குள் என்ன இருந்ததோ தெரியாது, முகத்தில் ஒரு சலனமும் இல்லை என்று எழுதுகிறார். குவாஞேயும் பூர்கோஞும் இப்படி ஒரு வரி எழுதியிருக்கவே மாட்டார்கள். பூர்கோஞ் அதே சக்கரவர்த்தி கையில் கோலோடு பனியில் நடந்து போவதைப் பார்த்துக் கண் கலங்குகிறவர்.

மறுபடி குவாஞே

பூர்கோஞை முடித்த பிறகு ஒரு யோசனை வந்தது. வெட்கம் எங்கே என்று ஒருவரிடம் தேடிக் கண்டுபிடித்துவிட்டேனே, குவாஞேயிடம் தேடினேனா? அவர் போர்ப் பக்கங்களில் மட்டும்தான் தேடினேன். முதல் நோட்டை அவசர அவசரமாகத் தள்ளியிருந்தேன், சின்ன வயசுக் கதைதானே, மரெங்கோ எப்போது வரும் என்று.

முதல் நோட்டில் இருப்பது இது. அப்பாவுக்கு மூன்று கல்யாணம். குவாஞே இரண்டாவது மனைவியின் பிள்ளை. அம்மா இறந்ததும், வீட்டில் வேலை செய்த பதினெட்டு வயதுப் பெண்ணை அப்பா கட்டிக்கொண்டார். அவள் அடித்தாள், பட்டினி போட்டாள். தாங்காமல் குவாஞேயும் அண்ணனும் வீட்டை விட்டு ஓடினார்கள். மிஞ்சிய இரண்டு குட்டிப் பிள்ளைகளை, ஒரு தம்பி ஒரு தங்கை, அவள் காட்டுக்குள் கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தாள். மாவு ஆலைக்காரர் ஒருவர் கண்டெடுத்து வளர்த்தார். குவாஞே எட்டு வயதில் ஆடு மேய்த்தார், வைக்கோலில் படுத்தார். சில வருடம் கழித்துத் திரும்பிவந்து, தன் மூத்த தாரத்து அக்காவிடமே, யார் என்று சொல்லாமல், குதிரை லாயத்தில் வேலைக்குச் சேர்ந்தார். அக்காவுக்கு அடையாளம் தெரியவில்லை. அப்பா அங்கே வந்து போகிறார், பையனைப் பார்க்கிறார், அவருக்கும் தெரியவில்லை. யாரிந்தப் பையன் என்கிற அளவுக்குத்தான். பகலில் குதிரைக்குத் தண்ணீர் காட்டிவிட்டு ராத்திரி லாயத்தில் படுத்து அழுகிற பிள்ளை அது.

இதைப் படித்துவிட்டு, சக்கரவர்த்தி என் காதைப் பிடித்துக் கிள்ளினார் என்ற பக்கத்துக்கு மறுபடி போனேன். அதே வரிதான், ஆனால் என்னால் முன்போல் சிரிக்க முடியவில்லை. பெற்ற அப்பன் முகத்தைப் பார்த்தும் தெரியாமல் போன பையனை, ஐரோப்பாவையே ஆட்டிவைத்தவன் கூட்டத்தில் பார்த்ததும் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் அவன் அதை எத்தனை முறை எழுதுவான்? ராணுவம் அவருக்கு வேளாவேளைக்குச் சோறு போட்டது, உடுத்தக் கொடுத்தது, எழுத்து கற்றுக் கொடுத்தது, நெஞ்சில் ஒரு சிலுவைப் பதக்கம் குத்தியது. துணிக்கடைக்காரர் மகன் பூர்கோஞ் ஒரு வீட்டிலிருந்து போருக்குப் போனார். குவாஞே போருக்குப் போய்த்தான் ஒரு வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தார். அவரிடம் போய்ப் போரைப் பற்றி வெட்கப்படு என்று நான் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்திருக்கிறேன்.

அதற்காக அவர் அடித்துவிட்டதை எல்லாம் நம்புகிறேன் என்று அர்த்தமில்லை. மொண்டெபெல்லோவில் தனியாளாகப் பீரங்கி பிடித்த கணக்கில் எனக்கு இன்னும் பாதி சந்தேகம் இருக்கிறது. லார்ஷேயும் அடிக்குறிப்பு போட வேண்டிய இடங்கள் நிறைய இருந்திருக்கும். ஆனால் லாயத்தில் படுத்திருந்ததில் சந்தேகம் வரவில்லை. எழுபத்திரண்டு வயதில், மனைவி போய், பிள்ளைகுட்டி இல்லாத வீட்டில் பேனாவை எடுத்தவர் மரெங்கோவில் ஆரம்பித்திருக்கலாம். வாங்கிப் படிக்கிறவர்களுக்கும் அதுதான் வேண்டும். அவர் மாற்றாந்தாயிடமிருந்து ஆரம்பிக்கிறார்.

இப்போது மறுபடி அதைத்தான் மெதுவாகப் படித்துக்கொண்டிருக்கிறேன், ராத்திரிக்கு நாலைந்து பக்கம். இன்னும் குதிரை லாயத்தைத் தாண்டவில்லை. கூலோமியே ஊர்ப் பக்கம் குதிரை வியாபாரி ஒருவர் இவரை வேலைக்கு எடுத்து வயிறாரச் சோறு போடப் போகிறார் என்று தெரியும், அதற்கு இன்னும் கொஞ்சம் பக்கம் இருக்கிறது.